புனத்தைக் கட்டிப்போட்டவர்கள்

இரும்பு இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடந்த காலத்தில், ஊர் என்று ஒன்று உண்டாகியே பத்துப் பன்னிரண்டு தலைமுறைதான் ஆகியிருந்த காலத்தில், கருங்கல் குன்று ஒன்றின் அடிவாரத்தில் மாடு மேய்த்துச் சாமை விதைத்துப் பிழைத்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுடைய சாமைப் புனம் ஒருநாள் காலையில் தெற்கு நோக்கி நடக்க ஆரம்பித்தது. ஏன் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களும் கேட்கவில்லை. மாடு நடக்கிறது, ஆறு நடக்கிறது, மேகம் நடக்கிறது, புனமும் நடந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் இருந்தார்கள்.

கவனித்தவள் ஈச்சி. துறட்டன் என்பவனின் பெண்டாட்டி. வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கி, கடந்த நான்கு மாதமாக வாயே திறக்காமல் இருந்தவள். அன்று களை பறிக்கப் போனவள் கூழ்ப்பானையைப் புனத்து ஓரத்து வேலமரத்தடியில் வைத்துவிட்டுக் குனிந்தாள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை நிமிரவில்லை. பசித்துத் திரும்பியபோது மரமும் பானையும் எட்டு முழம் பின்னால் போயிருந்தன. ஓரகத்திதான் தன்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்துப் பானையை எடுத்துவந்து குடித்தாள். பானையை நகர்த்தலாம், மரத்தை எப்படி நகர்த்தினாள் என்பது குடித்து முடித்து வாயைத் துடைத்த பிறகுதான் உறைத்தது.

அவள் நான்கு மாதமாக வாய் திறக்காததற்குக் காரணம் அவள் வீட்டுத் தரைக்குள் இருந்தது. பல் முளைக்காத குழந்தை இறந்தால் அந்தக் கூட்டத்தார் வெளியே கொண்டுபோக மாட்டார்கள். வயிற்றில் இருந்தபோது எப்படிச் சுருண்டிருந்ததோ அப்படியே ஒரு பானைக்குள் சுருட்டி வைத்து, வாயை ஒரு சட்டியால் மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் தரையைத் தோண்டிப் புதைத்து மெழுகிவிடுவார்கள். குளிரில் தனியாக இருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம். ஈச்சியின் மகன் பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். ஒவ்வொரு நாளும் கூழில் முதல் கையளவை அந்த இடத்தில் ஊற்றிவிட்டுத்தான் அவள் குடிப்பாள். படுப்பதும் அந்த இடத்தின் மேல்தான். அங்கே கன்னத்தை வைத்துப் படுத்தால் தரை கொஞ்சம் சூடாக இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அடுப்புச் சூடுதான் என்று துறட்டன் சொன்னதை அவள் மன்னிக்கவே இல்லை.

புனம் நடக்கிறது என்று தெரிந்ததும் ஊர் அதற்கேற்ப மாறிக்கொண்டது, வேறென்ன செய்வார்கள். காலையில் எழுந்ததும், இன்னைக்கு எதுவரைக்கும் போயிருக்கு என்று ஒருவரையொருவர் கேட்பது வழக்கமாயிற்று. களையைத் தென்கோடியில் இருந்து பறிக்க வேண்டும், வடகோடியில் இருந்து பறித்தால் கை எட்டும் முன் செடி போய்விடும் என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். கிளி ஓட்டும் பரணும் புனத்தோடு போனதால், பரண்மேல் காவல் இருந்தவர்கள் ஏறிய இடத்தில் இறங்க முடியாமல் வேறு இடத்தில் இறங்கினார்கள். புனம் போன இடம் பாயைச் சுருட்டி எடுத்த தரையாக மொட்டையாகக் கிடந்தது. அதில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கிழவர்கள் மட்டும், தினம் தினம் நடை கூடிக்கொண்டே போகிறதே என்று முட்டியைத் தடவிக்கொண்டு முனகினார்கள். கிழவர்கள் புனம் நடக்காத காலத்திலும் அதையேதான் முனகினார்கள்.

ஆனால் அந்த வருடம் மழை வரவில்லை. அதற்கு முந்தைய வருடமும் பாதிதான் வந்திருந்தது. அப்பனுக்கு அப்பன் காலத்தில் குன்றைத் தாண்டி வடக்கே ஏழு நாள் நடை தூரம்வரை போய்ப் பெய்த மழை, அப்பன் காலத்தில் குன்றோடு நின்றது, இவர்கள் காலத்தில் தெற்கே வானத்தின் ஓரத்தில் கறுத்து நின்று, யோசித்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. புனமோ எட்டு முழம் பன்னிரண்டு முழமாகி, கல்லெறி தூரமாகி, ஒருநாள் கத்திக் கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தை எட்டிவிட்டது. அப்போதுதான் ஊருக்குப் பயம் வந்தது. வீடு இங்கே, சோறு அங்கே. வீட்டை விட்டுப் போகலாம் என்றால் தரைக்குள் கிடக்கும் குழந்தைகளை யார் பார்ப்பது? ஏழு வீட்டில் பானை இருந்தது. ஏழு தாய்களும் நகர மாட்டோம் என்றார்கள்.

அவர்கள் மாட்டுக்காரர்கள். மாடு தப்பிப் போனால் என்ன செய்வது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அதையே புனத்துக்கும் செய்தார்கள். துறட்டனின் அண்ணன் சுரையன், குளம்புத் தடத்தைப் பார்த்தே எந்த மாடு என்று சொல்லக்கூடியவன், இதற்குத் தலைமை ஏற்றான். முதலில் மாட்டை அழைக்கும் குரலில் புனத்தை அழைத்தார்கள். பிறகு உப்புக்கட்டி வைத்தார்கள். பிறகு தோல்கயிறு திரித்துப் புனத்தின் நான்கு மூலைக்கும் முளையடித்துக் கட்டினார்கள். புனம் முளைகளையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு போயிற்று. கடைசியில் சாணத்தைக் கொளுத்தி முன்னால் புகை போட்டார்கள். புகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. சிரிக்காதீர்கள். தெரிந்த வித்தையை எல்லாவற்றின் மேலும் போட்டுப் பார்க்காதவர் நம்மில் யார்?

மறுநாள் சுரையன் ஈச்சியின் வீட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தாயி," என்றான். அவன் தாயி என்று கூப்பிட்டால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

"என்ன மாமா?"

"மாடு எத்தன தூரம் மேயப் போனாலும் ஏன் திரும்பி வருது?"

"கன்னு இங்க இருக்கு, வருது."

"அதான். புனத்துக்கு நாம கன்னே விடல."

அவன் கண் போன இடத்தை ஈச்சி பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்து, மெழுகிய இடத்தைத் தன் தழையாடையால் மூடிக்கொண்டாள், சேலை இல்லாத காலம் அது.

"அவன் தூங்கறான் மாமா."

"அங்க போயித் தூங்கட்டும். எடந்தான மாறுது."

"ஏழு வீட்ல பான இருக்கு."

"மத்ததெல்லாம் பழசு, பால் வாசம் போயிருக்கும். ஒம்மவன்தான் இன்னும் பால்வாய். அவன வெச்சா நிக்கும்."

துறட்டன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நல்லவன்தான், பெண்டாட்டியை அடிக்காதவன், ஆனால் அண்ணன் சொன்னதைத் தாண்டி ஒரு யோசனை அவனுக்கு வந்ததே இல்லை. சுரையன் போன பிறகு உள்ளே வந்து, "நாளைக்கு இன்னொன்னு பொறந்தா அதுக்கு என்னத்தக் குடுப்ப?" என்று மெதுவாகக் கேட்டான். ஈச்சி மெழுகிய இடத்தின் மேல் கவிழ்ந்து படுத்தாள். மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கொட்டிலில் இருந்து மான்கொம்பை எடுத்துவந்து தானே தோண்டினாள்.

புனத்தின் நடுவில் பானையை வைத்து மண் மூடியதும் புனம் நின்றது. அசைவு நின்றதை எல்லோரும் உள்ளங்காலில் உணர்ந்தார்கள். அன்று ஒரு காளையை அறுத்தார்கள். பறை கொட்டி ஆடினார்கள். புனத்தைக் கட்டியவன் என்று ஈச்சியின் மகனுக்கு, செத்து ஐந்து மாதம் கழித்து, ஒரு பெயர் கிடைத்தது. கறியில் முதல் துண்டை ஈச்சிக்குக் கொடுத்தார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய இடத்தில் கன்னத்தை வைத்தபோது தரை சில்லென்று இருந்தது. அப்போது அந்தப் பெருமையை நினைத்து வெட்கமாக இருந்தது.

புனம் நின்ற இடத்தில் நின்றது. மழை தெற்கே வானத்தின் ஓரத்தில் வந்தது, யோசித்தது, திரும்பிப் போயிற்று. சாமைத் தாள்கள் எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல், தெற்கே சாய்ந்து நின்றன. காற்று வடக்கே அடித்த நாளிலும் தெற்கேதான் சாய்ந்தன. சாய்ந்தபடியே வெளுத்தன. வெளுத்தபடியே காய்ந்தன. மாடுகள் முதலில் இளைத்தன, பிறகு படுத்தன. கோடை முடியும் முன் ஊரில் பானைக்குள் போன குழந்தைகள் நான்கு. ஈச்சி தினமும் கூழை எடுத்துக்கொண்டு காய்ந்த புனத்துக்குள் போய் மகனுக்கு ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள்; கூழ் தண்ணீரானபோது தண்ணீரை ஊற்றினாள். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது எல்லாத் தாள்களும் சாய்ந்திருக்கும் திசையைப் பார்த்தாள், அந்தத் திசையில் கறுத்திருந்த வானத்தைப் பார்த்தாள். எழுந்து நேராகச் சுரையனிடம் போனாள்.

"அது தப்பி ஓடல மாமா. மழையத் தேடித்தான் போச்சு. நாமதான் புடிச்சுக் கட்டிட்டோம்."

சுரையன் தன் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய மாட்டில் பாதி செத்திருந்தது.

"அவுத்துவிட்டா போயிருமே தாயி. நாம எங்க போறது?"

"அது பின்னாலயே போறது."

"வீடு?"

"எம்மவன் வீட்ல இல்ல. நான் போறேன்."

அவள் மறுபடி தோண்டினாள். பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்ததும் புனம் அவளுக்குப் பின்னால் நகர்ந்தது. அவள் ஓரடி வைத்தால் அது ஓரடி, அவள் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது. மற்ற ஆறு தாய்களும், புதிதாகச் சேர்ந்த நால்வரும், வீட்டுத் தரையில் விழுந்து அழுது, மண்ணை ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு கடைசியில் வந்து சேர்ந்தார்கள். இப்படியாக முன்னால் இடுப்பில் பானையோடு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் காய்ந்த புனம், அதற்குப் பின்னால் எலும்பும் தோலுமாக மாடுகள், அதற்கும் பின்னால் சனம் என்று அந்த ஊர்வலம் கரடு ஏறி, மேடு இறங்கி, மணல் மட்டும் ஓடிய ஆற்றைக் கடந்து, முப்பது நாள் தெற்கே போயிற்று. வழியில் கண்டவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த முப்பது நாளும் ஈச்சி சந்தோஷமாக இருந்தாள். ஊர் செத்துக்கொண்டிருந்தபோது அவள் அப்படி இருந்தது தப்புதான், ஆனால் இருந்தாள். பானை இடுப்பில் குழந்தை உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவனிடம் மரத்தைக் காட்டினாள், மயிலைக் காட்டினாள், வாய் ஓயாமல் பேசினாள். முப்பத்தோராம் நாள் முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது. சுற்றிலும் பச்சையான மலைச்சரிவுகள். பின்னால் சனம் ஓவென்று அழுதது. ஈச்சி நடந்துகொண்டே இருந்தாள்.

"போதும், எறக்கு தாயி," என்றான் சுரையன்.

"இன்னும் கொஞ்சம் போலாம் மாமா."

"மழ இங்க பேயுது. எறக்கு."

துறட்டன் வந்து அவள் இடுப்பிலிருந்து பானையை வாங்கினான். அவளுக்குக் கை விட மனமில்லை, ஆனால் விட்டாள். புனம் அந்தச் சரிவின் மேல் ஏறி, பரந்து, படுத்துக்கொண்டது; அதன் நடுவில் பானையைப் புதைத்தார்கள்.

அந்தச் சரிவு வெறும் சரிவு அல்ல. கிழங்கு தோண்டிப் பிழைக்கிற மலைச்சனம் ஒன்று அங்கே இருந்தது. விதைக்காதவர்கள், ஓரிடத்தில் கட்டாதவர்கள், எந்தக் கொடியின் கீழ் எத்தனை கிழங்கு என்பதைப் பாட்டாகப் பாடி நினைவில் வைத்திருந்தவர்கள். மூன்றாம் நாள் அவர்களில் ஒரு நடுவயதுப் பெண் இறங்கி வந்தாள். முண்டி என்று பெயர். அவள் பேச்சில் பாதி புரிந்தது, மீதியைக் கை பேசியது. சாமைக்குள் இங்கும் அங்கும் நடந்து, காலால் தட்டித் தட்டிப் பார்த்து, ஈச்சியின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க கெழங்கெல்லாம் எங்க?"

"அடியில இருக்கும் அக்கா."

"எடுக்க முடியுமா?"

ஈச்சி தலையைக் குனிந்துகொண்டாள். முண்டி கோபப்படவில்லை. புனத்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனாள். அது நியாயமான பேச்சு. இன்னும் பத்து நாள் நடக்கச் சொன்னாலும் ஈச்சி நடந்திருப்பாள், அதுவும் ஆசையாக.

அதன் பிறகு மூன்று வருடம் மழை தவறவில்லை. சாமை குலுங்கிற்று, மாடு ஈன்றது, சனம் பெருகிற்று, மலைச்சனம் மேலே மேலே போயிற்று. சேதி பரவியது. வடக்கே வேறு ஊர்களிலும் புனங்கள் எழுந்து நடந்துகொண்டிருந்தன. அந்த ஊர்க்காரர்கள் வந்து, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் போனார்கள். பெருகிய சனத்துக்கு ஒரு புனம் போதாமல் ஆனபோது, இளவட்டங்கள் நாலைந்து குடும்பமாகப் பிரிந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக ஆசைப்பட்டார்கள். புனத்தில் ஒரு துண்டைப் பிரித்துக் கூட்டிப் போக ஒரு பானை வேண்டும். முதலில் அந்தப் பஞ்ச வருடத்துப் பானைகள் இருந்தன. பழைய ஊருக்குப் போய்த் தோண்டிக்கொண்டு வந்தார்கள். அவை தீர்ந்தன.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் உண்டாக்கவில்லை, தானாக வந்தது. கைக்குழந்தைக்காரியைப் பார்த்தால், "பல்லு மொளச்சிருச்சா?" என்று கேட்பார்கள். முன்பும் கேட்பார்கள்தான்; முன்பு சிரித்துக்கொண்டு கேட்பார்கள். ஏதாவது வீட்டில் குழந்தை இருமினால், பேசிக்கொண்டிருந்த ஆண்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தி அடுத்த பள்ளத்தாக்கின் பக்கம் பார்ப்பார்கள். பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பது இல்லை. கண் தானாகப் போகும். யாரும் எந்தக் குழந்தைக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. மருந்து கொடுத்தார்கள், வேண்டிக்கொண்டார்கள், இறந்தால் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அழுகை முடியும் முன் ஒருவன் கயிறும் மூட்டையும் கட்டத் தொடங்கியிருப்பான்.

நான்காம் வருடம் ஈச்சிக்கு ஒரு பெண் பிறந்தது. கறுத்து, கொழுத்து, பார்க்கிறவரை எல்லாம் முறைக்கிற குழந்தை. ஐந்தாம் மாதம் அடைமழையில் அதற்குச் சளி பிடித்தது. ஈச்சி அது இருமும்போதெல்லாம் உரலில் எதையாவது போட்டு இடித்தாள், ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் உரலை இடித்தாள். அப்படியும் எப்படியோ சுரையனுக்குத் தெரிந்துவிட்டது. வந்து வாசலில் நின்றான்.

"புள்ள எப்படியிருக்கா தாயி?"

"நல்லாருக்கா மாமா."

"பல்லு?"

"வந்துரும்."

"வரட்டும், வரட்டும். எங்க போயிரப்போவுது." அவன் முகத்தில் நிஜமாகவே கவலை இருந்தது. அதுதான் ஈச்சிக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துறட்டன் ஒரு புதுப் பானையைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

"எதுக்கு?"

"வெத போட்டு வெக்க."

"வெதப்பானதான் மூணு இருக்கே."

"கெடக்கட்டும்னு வாங்குனேன்," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்குத் திரும்பி, மழைக்கு அப்பால் இருக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்தான். அவன் தம்பிக்கு அங்கே போக ரொம்ப நாளாக ஆசை. பானையின் வாய் அகலத்தை ஈச்சி கண்ணால் அளந்தாள். மடியில் படுத்திருந்த மகளின் தோளை அளந்தாள். துறட்டன் கெட்டவன் இல்லை, இதை முன்பே சொன்னேன். குழந்தை பிழைத்தால் அந்தப் பானையில் விதையைத்தான் போட்டிருப்பான், சந்தோஷமாகப் போட்டிருப்பான்.

மறுநாள் மழை வெறித்திருந்த நேரம், ஊரே புனத்தின் தூரத்துக் கோடியில் களைக்குக் குனிந்திருந்த நடுப்பகலில், ஈச்சி குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு கிளம்பினாள். புனத்தின் நடுவில் மகன் இருந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நின்றாள். அவனைத் தோண்டி எடுத்தால் புனம் பின்னால் வரும், புனம் வந்தால் ஊர் வரும். குனிந்து, இரண்டு கையையும் மண்ணில் அழுத்தி வைத்து, "நீ இங்கயே இரு சாமி, அம்மா வர மாட்டேன்," என்று சொன்னாள்.  எழுந்து மலைமேல் ஏறினாள்.

மலைச்சனம் இப்போது உச்சிக்குப் பக்கத்தில், பாறை இடுக்குகளில், கிழங்கு அதிகம் இல்லாத இடத்தில் இருந்தது. ஏழெட்டுப் பேர் நெருப்பைச் சுற்றி எதையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்தார்கள். முண்டி முன்னால் வந்தாள், தலை நரைத்திருந்தது. ஈச்சியைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் சரிவைப் பார்த்தாள்.

"பொறத்தால வருதா?"

ஈச்சியும் திரும்பிப் பார்த்தாள். கீழே புனம் பச்சையாக, அசையாமல் படுத்திருந்தது.

"வரல அக்கா."

முண்டி அருகில் வந்து மார்போடு இருந்த கட்டை விலக்கி உள்ளே பார்த்தாள். குழந்தை அவளை முறைத்தது.

"ஏன் வரல?"

"இவ உசுரோட இருக்கா. இவளுக்கு அது வராது."

முண்டி விலக்கிய கட்டை மறுபடி மூடினாள். தங்களிடம் இருப்பது எவ்வளவு என்று நெருப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள். ஈச்சி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். மலைமேல் காற்று ஈரமாக இருந்தது. குழந்தை இருமத் தொடங்கியது. அடிவயிற்றிலிருந்து, முகம் சிவக்க, நிற்காமல் இருமியது. ஈச்சி பழக்கத்தில் அதன் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவன் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தான், ஒருத்தி விறகைத் தள்ளினாள், யார் கண்ணும் எந்தத் திசைக்கும் போகவில்லை. அவள் கையை எடுத்துவிட்டு, குழந்தையை இருமவிட்டாள்.